எண்ணும் ஓர் எழுத்தே

சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் சிலரின் கல்லறைகள் இருக்கின்றன. துணி வாணிகத்துக்காகக் கடல் கடந்து வந்து, ஊர் திரும்பாமல் இங்கேயே உறங்கிவிட்டவர்கள் அவர்கள். கல்லின்மேல் நெருக்கமாகச் செதுக்கிய எழுத்துகளும் குடிப்பெருமை காட்டும் சின்னங்களும் உண்டு. 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் ஒல்லாந்தர் இவ்வூரை ஆங்கிலேயரிடம் விட்டுச் சென்றனர். அவர்களோடு அந்த எழுத்துகளைப் படிப்பாரும் போயினர். நமக்கும் அம்மொழி தெரியாது. ஆயினும் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்திருக்கிறோம். எழுத்துகளின்மேல் வழுக்கிக்கொண்டு போகும் அவர்கள் கண்கள், ஆண்டைக் குறிக்கும் இலக்கங்களில் வந்ததும் நின்றுவிடுகின்றன. ஆளுக்கொரு கல்லைப் பிடித்துக்கொண்டு, "சாமி, இவர் எப்போ செத்தார் தெரியுமா?" என்று கூவுகிறார்கள். பிறந்த ஆண்டும் செதுக்கப்பட்டிருந்தால் கழித்துப் பார்த்து வயதையும் சொல்லிவிடுகிறார்கள். இவ்வளவு சின்ன வயதிலா என்று அவர்களே பரிதாபப்படவும் செய்கிறார்கள்.

இறந்தவரின் மொழி தெரியவில்லை. எந்தச் செபத்தைச் சொல்லிக் கண்மூடினார் என்பதும் தெரியவில்லை. அவருடைய வயது மட்டும் நூற்றாண்டுகளைத் தாண்டி வந்து ஒரு மீனவச் சிறுவனுக்கு விளங்கிவிடுகிறது. கணிதம் ஒரு மொழி என்று கற்றவர் கூறுவர். அக்கூற்றின் நேர்ப்பொருளை இந்தக் கல்லறைகளின் நடுவே நின்று பார்ப்பது எளிது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த இலக்கங்கள் ஒல்லாந்தர் கொண்டுவந்த சரக்கு அல்ல. பாரதத்தில் பிறந்து, ஊர் ஊராய்ச் சுற்றி, உருமாறி, கப்பலேறித் தாய்நாட்டுக் கரைக்கே திரும்பி வந்தவை. கி.பி. 662-இலேயே சிரியா நாட்டு ஆயர் செவேருஸ் செபோக்து, இந்தியர் ஒன்பது குறிகளைக் கொண்டே கணக்கெல்லாம் செய்துவிடுகின்றனர் என்று வியந்து எழுதினார். அறிவனைத்தும் கிரேக்கருக்கே சொந்தம் என்று செருக்கியிருந்தோருக்கு விடையாக அவர் இதை எழுதினார் என்பது கூடுதல் சுவை. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி இம்முறையை அரபியில் விளக்கினார். 976-இல் இசுபானிய நாட்டு அல்பெல்டா மடத்துத் துறவியர் எழுதிய ஏடொன்றில் ஒன்பது குறிகளும் இடம்பெற்றன. இசுபானியப் பகுதிக்குச் சென்று கணிதம் பயின்ற கெர்பெர்த் என்பார், கணக்குப் பலகையின் காய்களில் இக்குறிகளைப் பொறித்து மாணவர்க்குக் கற்பித்தார். அவரே 999-இல் இரண்டாம் சில்வெஸ்தர் என்னும் பெயரோடு திருத்தந்தையானார். எனினும் எல்லாரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. 1299-இல் பிளாரன்சு நகரத்து வட்டிக்கடைச் சங்கத்தார், கணக்கேடுகளில் இந்தப் புதிய இலக்கங்களை எழுதலாகாது என்று தடைவிதித்தனர். ஒரு சிறு கோட்டை இழுத்தால் ஒன்று வேறொன்றாகிவிடும் என்ற அச்சமே காரணம் என்பர். ஆண்டுதோறும் பங்குக் கணக்கைத் தணிக்கைக்கு வைக்கும் நமக்கு அந்த அச்சம் நன்றாகவே புரிகிறது. காசோலையில் இன்றும் தொகையை எழுத்தாலும் எழுதுகிறோம் அல்லவா?

ஊர்ப் பெயரிலேயே சதுரங்கத்தை வைத்திருக்கும் நமக்கு, 2022-ஆம் ஆண்டு பக்கத்து மாமல்லபுரத்தில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடு இதற்கு இன்னொரு சான்றைத் தந்தது. 180-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தவர்கள் எதிரெதிரே அமர்ந்து, தத்தம் தாளில் ஒவ்வொரு நகர்வையும் எழுதிக்கொண்டே ஆடினார்கள். கட்டத்துக்கு ஓர் எழுத்து, ஓர் இலக்கம், அவ்வளவுதான் சொற்களஞ்சியம். உசுபெக்கிசுதானத்து இளைஞன் ஆடிய ஆட்டத்தை அவனோடு ஒரு வார்த்தை பேசாமலேயே நம் ஊர்ப் பிள்ளை வீட்டில் உட்கார்ந்து திரும்ப ஆடிப் பார்த்துவிடலாம்.

தமிழருக்கும் தமக்கெனத் தனி எண் குறிகள் உண்டு. கோயிற் கல்வெட்டுகளில் அவற்றைப் பார்த்திருப்பீர்கள். இருபத்தைந்து என்பதைப் பழைய முறையில் ௨௰௫ என எழுதுவர்: இரண்டு, பத்து, ஐந்து. ஆயிரத்தெண்ணூறு என்றால் ௲௮௱. வாய் சொல்லும் வரிசையிலேயே கை எழுதிச் செல்லும். இம்முறைக்குச் சுழியம் வேண்டியதில்லை. 1825-இல் வெளிவந்த 'கணித தீபிகை' என்னும் நூல் தமிழ் இலக்கங்களோடு சுழியத்தைச் சேர்த்து, இடத்தால் மதிப்பு மாறும் முறையில் எழுதக் காட்டியது. அந்நாள்முதல் எண் நம் வாயைவிட்டு ஓர் அடி விலகியது எனலாம். பேச்சின் நிழலாக இருந்த குறி, எந்தப் பேச்சுக்கும் கட்டுப்படாத குறியாயிற்று. அதனால்தான் அது எல்லா நாட்டாருக்கும் பொதுவாக முடிந்தது. எந்தத் தாயின் குரலிலும் ஒலிக்காத மொழியாகவும் ஆயிற்று. ஆதாயமும் இழப்பும் ஒரே நாளில் வந்தன.

பின்னங்களில் இந்த இழப்பு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. காலும் அரையும் முக்காலும் இன்றும் வழக்கில் உள்ளன. அரைக்கால் எட்டில் ஒன்று. வீசம் பதினாறில் ஒன்று. மா இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. முந்திரியை மீண்டும் முந்நூற்று இருபதாகப் பகுத்தால் கீழ்முந்திரி. ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர், தனிக்குறி. திண்ணைப் பள்ளிச் சிறுவர் இவற்றை எண்சுவடியிலிருந்து உரத்துச் சொல்லி மனத்தில் பதித்தனர். இது ஏட்டுச் சுரைக்காயாய் நின்றுவிடவில்லை. 1767 முதல் 1774 வரை கும்பினியார் செங்கற்பட்டுச் சீமையை அளந்து கணக்கெடுத்த காலத்தில், ஊர்க் கணக்கர்கள் எழுதிய ஓலைகளுள் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் காக்கப்படுகிறது. அவற்றுள் நமக்கு வடக்கே உள்ள திருப்போரூரின் கணக்கையும், வடக்குப்பட்டு என்னும் ஊரின் கணக்கையும் சென்னைக் கொள்கை ஆய்வு மையத்தார் 2001-இல் நூலாக வெளியிட்டனர். விளைந்த நெல்லில் கோயிலுக்கு எவ்வளவு, கணக்கருக்கு எவ்வளவு, தச்சருக்கும் கொல்லருக்கும் எவ்வளவு என்று பங்கு பிரித்து எழுதியிருக்கிறார்கள். அந்தப் பங்கீட்டில் யாருக்கு நீதி கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பது வேறு கேள்வி. ஆனால் எழுதிய கணக்கைத்தான் எதிர்த்துக் கேட்க முடியும்.

அந்தக் குறிகள் மறைந்துவிட்டன. சொற்கள் மறையவில்லை. இக்கரையின் மீன் சந்தையில் ஒருவரைப் பற்றி விசாரித்தால், "முக்காலே மூணு வீசம் நம்பலாம்" என்ற பதில் கிடைக்கும். முக்கால் என்பது பன்னிரண்டு வீசம். அதனோடு மூன்று சேர்ந்தால் பதினைந்து. முழுமைக்கு ஒரே ஒரு வீசம் குறைகிறது. மனிதரை நம்புவதில் அந்த ஒரு வீசத்தை நிறுத்தி வைத்த பெரியவர்களின் அனுபவம்தான் என்னே! 'இம்மியளவும் பிசகாமல்' என்கிறோமே, அந்த இம்மியும் மிகச் சிறிய ஒரு பின்னத்தின் பெயரே. இவற்றையெல்லாம் நாள்தோறும் பேசுகிறவர்களின் பிள்ளைகள்தாம் பள்ளியில் "எனக்குக் கணக்கு வராது" என்கிறார்கள். அழைத்தும் வராத விருந்தாளியைப் போல அதைச் சொல்லுகிறார்கள். எண் என்ற சொல்லுக்கே எண்ணிப் பார், நினைத்துப் பார் என்ற பொருளையும் கொடுத்த மொழியில் பிறந்தவர்கள் இப்படிச் சொல்ல நேர்ந்தது எதனால்?

நம்மைக் கேட்டால், வராமற்போனது கணக்கு அன்று, அதன் எழுத்தே என்போம். பங்கில் மாலை வகுப்புக்கு வரும் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒருநாள் 7 + 5 = ... + 4 என்று பலகையில் எழுதி, வெற்றிடத்தை நிரப்பச் சொன்னோம். பெரும்பாலோர் தயங்காமல் 12 என எழுதினர். ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்பதில் பிழையில்லை. அவர்கள் கூட்டல் அறியாதவர்கள் அல்லர். சமக்குறியை 'விடை இங்கே வரும்' என்று சொல்லும் கைகாட்டி மரமாகப் படித்துவிட்டார்கள். அந்தக் குறியை 1557-இல் முதன்முதல் நூலில் பயன்படுத்தியவர் ராபர்ட் ரெக்கார்டு என்னும் வேல்சு நாட்டு மருத்துவர். 'இதற்குச் சமம்' என்ற சொற்களைத் திரும்பத் திரும்ப எழுதிச் சலித்துப்போய், ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளை வரைந்தார். இவற்றைவிடச் சமமான இரண்டு பொருள்கள் உலகில் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். அதாவது அது ஒரு தராசு. மறுநாள் மீன் நிறுக்கும் தட்டுத் தராசு ஒன்றை இரவல் வாங்கிவந்து, ஒரு தட்டில் ஏழும் ஐந்துமாகக் கூழாங்கற்களை இட்டு, மறு தட்டில் நான்கை மட்டும் வைத்தோம். "எட்டு, சாமி, எட்டு!" என்று வகுப்பே எழுந்து நின்றுவிட்டது.

குறி தவறினால் பொருள் தவறும் என்பதைத் தமிழ்க் கத்தோலிக்கருக்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. வீரமாமுனிவர் இந்நாட்டுக்கு வந்த காலத்தில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவம் ஒன்றே. குறிலின்மேல் ஒரு புள்ளி வைக்க வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. எழுத்தாணியால் ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்பதால் எழுதுவோர் அதை விட்டுவிடுவர். எரி எது, ஏரி எது என்பதை வாசிப்பவரே ஊகிக்க வேண்டும். ஏரிகள் நிறைந்த நம் செங்கற்பட்டு மாவட்டத்தில் நெருப்பையும் நீரையும் ஒரே எழுத்தில் எழுதுவது எவ்வளவு இடர்! முனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் தந்தார். ஓர் ஒலிக்கு ஒரு குறி என்ற ஒழுங்கு வந்தது. கணிதக் குறிகளை ஆக்கியோர் நாடியதும் இதே ஒழுங்கைத்தான்.

இன்னொரு குறி பிள்ளைகளை மேலும் அச்சுறுத்துகிறது. அது தெரியாத எண்ணுக்கு இடும் எழுத்து. பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய நூலில் தெரியாத எண்களை வண்ணங்களின் பெயரால் அழைத்தார். அரபியர் அதைப் 'பொருள்' என்றனர். பிரெஞ்சு நாட்டுத் தெக்கார்த்து 1637-இல் தம் நெடுங்கணக்கின் கடைசி எழுத்துகளை அதற்கு ஒதுக்கினார். நம் பாடநூல்களிலும் அவ்வழக்கமே நிலைத்துவிட்டது. தெரியாத ஒன்றுக்குப் பெயரிட்டு, தெரிந்ததைப்போல் அதனோடு பழகி, கூட்டிக் கழித்து, கடைசியில் அதன் முகத்தைக் காண்பது ஒரு துணிவு. இறையியல் பயின்றவர்களுக்கு இத்துணிவு புதிதன்று. ஆனால் புனித தாமஸ் அக்குவினாஸ் கூறியபடி, கடவுள் இன்னதல்லர் என்ற அளவில்தான் நாம் நின்றுவிட வேண்டியிருக்கிறது. கணித ஆசிரியருக்குக் கடைசி வரியில் விடை கிடைத்துவிடுகிறது. கொடுத்து வைத்தவர்.

எழுத்தும் சொல்லும் மட்டும் இருந்தால் மொழியாகிவிடாது. சொற்களைப் பிணைக்கும் இலக்கணம் வேண்டும். கணித மொழிக்கு அந்த இலக்கணம் அளவையியல். 'உம்', 'அல்லது', 'இல்லை', 'ஆனால்' போன்ற நாலைந்து சிறு சொற்களில் அது பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. 1854-இல் ஜார்ஜ் பூல் இச்சிறு சொற்களை இயற்கணிதக் குறிகளைப்போல் எழுதிக் காட்டினார். இன்றைய கணிப்பொறிகள் அவ்வழியில்தான் இயங்குகின்றன. இவற்றுள் வலியது 'ஆல்'. 'மழை பெய்தால் ஏரி நிரம்பும்' என்கிறோம். தமிழில் அது வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. கணிதம் அதைத் தனியே பிரித்தெடுத்து ஓர் அம்புக்குறியாக்கியது.

குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாள்களில் அரிஸ்டாட்டிலின் வழியே இவற்றைக் கற்றோம். பிறகு மணிமேகலையைப் படித்தபோது, அறவண அடிகள் காஞ்சி நகரில் மணிமேகலைக்கு இதே பாடத்தைக் கற்பிப்பது கண்டு மகிழ்ந்தோம். மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று முறைப்படுத்தி, மெய்போலத் தோன்றும் போலிகளையும் வகைவகையாக அங்கே எடுத்து வைக்கிறார் புலவர். புகையைக் கண்டால் நெருப்பு உண்டு எனத் துணியலாம்; அடுக்களையில் அவ்வாறு கண்டிருக்கிறோம். ஆனால் நெருப்பைக் கண்டால் புகை உண்டு எனத் துணியலாமா? கூடாது என்கின்றனர் நம் நாட்டு அளவை நூலார். கொல்லன் பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு; புகை இல்லை. அம்பு ஒரு பக்கம்தான் பாயும்.

இதை நாம் ஏட்டறிவாக மட்டும் வைத்துக்கொள்ள முடியாத ஒரு நாள் வந்தது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நாம் குருவாகி அதிக ஆண்டுகள் ஆகாத காலம். அன்று காலை இக்கரையில் கடல் ஊருக்குள் வந்தது. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில், நீரேற்றும் அறைக்குள் கடல் புகுந்ததும், இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. இப்படி நேர்ந்தால் இதைச் செய் என்று முன்கூட்டியே எழுதிவைத்த 'ஆல்' அங்கே உரிய நேரத்தில் உதவிற்று. அதே வாரத்தில், சில கல் தொலைவிலிருந்த நிவாரண முகாம்களில், மற்றோர் 'ஆல்' தலைகீழாகப் புரண்டது. அரிசி மூட்டையோடு வந்த யாரோ சிலர், இது பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று சொல்லிப் போனார்கள். பாவம் செய்தால் தண்டனை வரும் என்பது அவர்கள் மேற்கோள். தண்டனை வந்திருக்கிறது, ஆகவே பாவம் செய்திருக்கிறார்கள் என்பது அவர்கள் முடிபு. அம்பைத் திருப்பிப் பிடித்த வாதம்.

இது பழைய போலி. யோபுவின் நண்பர்கள் சாம்பலில் அமர்ந்திருந்தவரிடம் இதைத்தான் அதிகாரம் அதிகாரமாகப் பேசினார்கள். இறுதியில் கடவுளின் சினத்துக்கு ஆளானவர்களும் அவர்களே. பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தது இவரா, இவர் பெற்றோரா என்று கேட்டனர். ஆண்டவர் இரண்டையும் மறுத்தார். சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததை அவரே எடுத்துக்காட்டி, எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகளா என்று வினவி, அல்ல என்று தாமே விடையும் சொன்னார். அந்தப் பதினெட்டு என்னும் எண்ணை லூக்கா நற்செய்தியாளர் விடாமல் எழுதி வைத்திருப்பதைப் படிக்கும்போதெல்லாம் நாம் ஒரு கணம் நிற்பதுண்டு. யாரோ எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

முகாமில் இருந்த ஒரு தாய், தம் பிள்ளைகள் இருவரை அன்று கடலுக்குக் கொடுத்தவர். அந்தப் பேச்சு காதில் விழுந்தபின் அவர் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். தற்காலிகக் குடியிருப்பின் தகரக் கூரையின்கீழ், கருவாடு தரம் பிரித்துக்கொண்டிருந்தவரை ஒரு மாலையில் சென்று பார்த்தோம். ஆறுதல் சொற்கள் ஏற்கெனவே ஏராளமாக அவரிடம் வந்து குவிந்திருந்தன. ஆகவே, துணிந்து, புகையையும் நெருப்பையும் காய்ச்சிய இரும்பையும் பற்றிப் பேசினோம். நான்காம் வகுப்போடு படிப்பை விட்டவர் அவர். நிமிர்ந்து பாராமல் கேட்டுக்கொண்டே இருந்தார். நாம் பேசி முடித்தபின்பும் அவர் கைகள் நிற்கவில்லை.

"வல போட்டா மீனு வரும் சாமி," என்றார் வெகுநேரம் கழித்து. "அதுக்காக வலையில வந்ததெல்லாம் மீனா? பாசியும்தான் வருது. எவனோ தூக்கிப் போட்ட பாட்டிலும்தான் வருது."

பிறகு, தரம் பிரித்த கருவாட்டில் ஒரு பிடியைத் தாளில் சுற்றி, வேண்டாம் என்று சொல்ல இடம் கொடாமல் நம் கையில் வைத்தார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறு வந்தார், தூணோரமாக அமர்ந்தார்.

அன்றிரவு குறிப்பேட்டில் அ, ஆ என இரண்டு எழுத்துகளை எழுதி, இடையே ஓர் அம்புக்குறி இட்டோம். கீழ்வரியில் அம்பைத் திருப்பிப் போட்டு, அதன்மேல் குறுக்கே ஒரு கோடு கிழித்தோம். அவர் சொன்னது அந்த இரண்டு வரிகளில் அடங்கியது. பாசியும் பாட்டிலும் மட்டும் வெளியே நின்றன.